மூச்சு வாங்காத பதினொரு பேர்

மலாக்காவில் இன்றைக்கும் என்னைக் "கோச்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவன்கூட, "கோச், கெம்போங் மீன் புதுசா வந்திருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்கிறான். நான் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அந்தப் பேர் எனக்குப் பிடிக்காது. அதை நான் கேட்டு வாங்கவில்லை. நான் செண்டர் ஹாஃப். பத்துப் பன்னிரண்டு வருஷம் மைதானத்தின் நடுவில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுத்தவன். கோல் அடிக்கிறவனைத் தோளில் தூக்குவார்கள், கோல் காக்கிறவனுக்குக் கைதட்டுவார்கள். நடுவில் நிற்கிறவனைத் தோற்ற அன்றைக்குத்தான் ஞாபகம் வரும். அது எனக்குச் சம்மதம். என் வேலை என்ன என்று எனக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள். உண்மைதான். அதனால் இதை நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் அணி காஜா பேராங் அணி. டவுனில் வேலை செய்த தமிழர்கள்தான் அதில் முக்கால்வாசி. ஒருவன் தையற்காரன், இருவர் கடைச் சிப்பந்திகள், ஒருவன் மாட்டுவண்டி ஓட்டினான். கோல்கீப்பர், மலாக்காச் செட்டிகள் குடியிருக்கிற பக்கத்துச் செட்டிக் கம்பத்துக்காரன். அவன் பரம்பரை இந்து, நெற்றியில் விபூதி இல்லாமல் கோலுக்குள் போகமாட்டான், ஆனால் தமிழ் பேசத் தெரியாது. சாமி பேர்களும் நாங்கள் திட்டுகிற வசவுகளும்தான் அவனுக்குத் தெரிந்த தமிழ். மற்றதெல்லாம் மலாய். நான் தண்ணீர் இலாகாவில் மீட்டர் படிக்கிறவன். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், மூடியைத் திறந்து, எண்ணைப் பார்த்துப் புத்தகத்தில் எழுதவேண்டும். காஜா பேராங்கில் எந்தச் சந்தில் எந்த நம்பர் வீடு, அதன் பின்வாசல் எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் தேவைப்படும்.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம், பண்டார் ஹிலிர் கடற்கரைத் திடலில், மழை பெய்து முடிந்த தரையில், என் வலது முழங்கால் திரும்பிக்கொண்டது. நீர் கோத்துக்கொண்டு பூசணிக்காய் மாதிரி வீங்கியது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் இரண்டு முறை ஊசி போட்டு நீரை எடுத்தார். "இனிமே பந்து வேணாம்யா" என்றார். நான் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினேன். என் கால் போய்விட்டது என்று அணியில் எல்லோருக்கும் தெரியும். என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவனுக்கும் தைரியம் இல்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். ஒரு வருஷம் பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அரிசி போனது, சீனி போனது, துணி போனது. மரவள்ளிக் கிழங்குதான் காலை, மத்தியானம், ராத்திரி. அவித்தும் தின்றோம், இடித்து ரொட்டி சுட்டும் தின்றோம், காயவைத்து மாவாக்கிக் கஞ்சியும் காய்ச்சினோம். எப்படிச் செய்தாலும் வயிறு அதைக் கண்டுபிடித்துவிடும்.

இரண்டாம் வருஷம் விளையாட்டுக்குப் பொறுப்பாக ஒரு ஜப்பான் அதிகாரி வந்தான். மெலிந்த ஆள், கண்ணாடி போட்டிருப்பான். தானும் பந்து ஆடியவன் என்று சொன்னார்கள். அவனைக் கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். அவன் யாரையும் அறைந்து நான் பார்த்ததில்லை, அந்தக் காலத்தில் அதுவே பெரிய விஷயம். மக்கள் சோர்ந்து கிடக்கக் கூடாது, வாரம் ஒரு ஆட்டம் நடக்கவேண்டும் என்று அவன் உத்தரவு போட்டான். ஆட்டம் முடிந்ததும் திடலுக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்தில் ஆடியவர்களுக்குச் சாப்பாடு. வெள்ளைச் சோறு, கருவாடு, பயற்றங்காய். தாளில் பேர் எழுதிய பதினொரு பேருக்கு மட்டும்தான், எங்கள் அணிக்கு அந்தத் தாளை எழுதுகிறவன் நான். பன்னிரண்டாவது ஆளுக்குத் தட்டு கிடையாது.

இங்கேதான் என் மச்சினன் வருகிறான். என் மனைவியின் ஒரே தம்பி. கல்யாணத்துக்கு முன்பே அவர்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஆகவே பெண்ணோடு அவனும் சேர்ந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்போது அவனுக்கு இருபத்து மூன்று வயது. ரப்பர் வாங்கி விற்கிற கடையில் கணக்கப்பிள்ளைக்கு உதவியாக இருந்தான். கடை மூடியதும் சும்மா இருந்தான். எங்கள் அணியில் அவனும் இருந்தான், ஆனால் வெளியில் உட்கார்ந்திருப்பான். அவன் ஆடவேண்டிய இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அவன் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் எழுந்ததும் என் மனைவி அவனை வாசல்படியில் உட்காரவைத்துக் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்துவாள். எடுத்ததும் அந்தக் குழி அப்படியே நிற்கும். அது நிரம்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். "கிழங்கு மட்டும் தின்னா இப்படித்தான், பெரிபெரிக்கு ஆரம்பம், சோறும் பயறும் குடுங்க" என்று டிரெஸ்ஸர் சொன்னார். சோற்றுக்கும் பயற்றுக்கும் எங்கே போவது? எனக்கு இலாகாவில் கொஞ்சம் அரிசி பங்கு வந்துகொண்டிருந்தது. அது மூன்று பேருக்குக் கஞ்சித் தண்ணீருக்குத்தான் காணும்.

ஒரு நாள் நான் முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போது அவள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன். கோவப்படக் கூடாது."

"கோவப்படற விஷயமா இருந்தா கேக்காதே."

"உங்க எடத்துல தம்பியப் போடுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவனா? அவன் ஓடுவான். ஓடுறவனெல்லாம் செண்டர் ஹாஃப் ஆயிடுவானா?"

"உங்க காலு ஓடுதா?" என்றாள்.

மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை. வீட்டில் மூன்று பேரும் கிழங்கைத் தின்றுவிட்டு அவரவர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்காம் நாள் காலையில் அவள் வழக்கம்போல் அவன் காலை அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்தக் குழி நிரம்புவதற்குள் நான் ஒரு சுருட்டைப் பற்றவைத்து முடித்துவிட்டேன். அந்த வார ஆட்டத்துக்குத் தாள் எழுதும்போது செண்டர் ஹாஃப் இடத்தில் அவன் பேரை எழுதினேன். என் பேரை அடியில் தனியாக எழுதி, பக்கத்தில் "கோச்" என்று போட்டேன். ஏதாவது போடவேண்டுமே. நான் கோச் ஆன கதை இவ்வளவுதான். யாரும் மாலை போடவில்லை.

கோட்டுக்கு வெளியே நின்ற முதல் நாளை மறக்கமாட்டேன். கை கால் எல்லாம் உள்ளே போகத் துடிக்கிறது, போகக் கூடாது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. மச்சினன் மைதானம் முழுவதும் ஓடினான். பந்து எங்கே இருந்ததோ அங்கே எல்லாம் இருந்தான். முதல் பாதி சமம். இரண்டாம் பாதியில் கால் மணி நேரம் போனதும் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வலது ஓரத்தில் ஆடிய தையற்காரன் நடு ஆட்டத்தில் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "எந்திரிடா!" என்று கத்தினேன். "முடியலண்ணே, கண்ணு இருட்டுது" என்றான். நான்கு கோல் வாங்கினோம். மச்சினன் திடல் ஓரத்தில் போய் வாந்தி எடுத்தான், காலையில் தின்ற கிழங்குதான் வந்தது. பிறகு வாயைக் கழுவிக்கொண்டு போய்ச் சோறு சாப்பிட்டான். அதுதானே வேண்டியது.

ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தால் எங்களைக் கூப்பிடமாட்டார்கள், சோறும் நின்றுபோகும். அன்றைக்கு இரவெல்லாம் யோசித்தேன் என்று பெருமையடிக்கமாட்டேன். மறுநாள் மீட்டர் படிக்கப் போகிற வழியில் சைக்கிளில் இருந்தபடியே தோன்றியது. பசிக்கிறவன் ஓடக் கூடாது. பந்துதான் ஓடவேண்டும், அதற்குப் பசிக்காது.

செட்டிக் கம்பத்துக்குப் பின்னால் தென்னைமரங்களுக்கு நடுவில் கொஞ்சம் வெட்டவெளி இருந்தது. அங்கே பயிற்சியை ஆரம்பித்தேன். ஐந்து பேர் வட்டமாக நிற்பார்கள், ஒருவன் நடுவில் குரங்கு. குரங்கு கையில், அதாவது காலில், பந்து படாமல் ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பத்து அடிக்கு மேல் யாரும் நகரக் கூடாது. பந்தின் உள்பை ஓட்டையாகிவிட்டால் கித்தாப்பாலை, ரப்பர் மரத்துப் பாலை, தடவி ஒட்டுவோம். அதற்கு மட்டும் அந்த ஊரில் பஞ்சம் இல்லை.

மச்சினனுக்கு முதலில் பொறுக்கவில்லை. "அத்தான், இது பந்தாட்டமா, கல்யாண வீட்டு வெத்தலைத் தட்டா? ஆளுக்கு ஆள் கை மாத்திக்கிட்டே இருக்கணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"தட்டு உன்கிட்ட வந்தா வெத்தலைய எடுத்துக்கிட்டு ஓடிடுவே, அதுக்குத்தான் சொல்றேன். நில்லுடா குரங்கா" என்றேன்.

இரண்டு வாரத்தில் அவனுக்குப் பிடிபட்டது. பிடிபட்டது என்று சொன்னால் போதாது. நடுவில் நின்று, தலையை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பி, பந்து வருவதற்கு முன்பே அது எங்கே போகவேண்டும் என்று அவன் முடிவு செய்துவிடுவான். ஒரு தட்டு, அடுத்தவன் காலில் போய் நிற்கும். நான் பத்து வருஷத்தில் கற்றதை அவன் இரண்டு மாதத்தில் தாண்டிப் போனான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "உன் தம்பி என்னைவிட நல்லா ஆடறான்." அவள் எனக்கு இன்னொரு துண்டு கிழங்கு வைத்தாள்.

இன்னொரு விஷயமும் சொல்லிக்கொடுத்தேன். இது முழுக்க என் யோசனை, யாரிடமும் கற்றதில்லை. ஒருவன் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தால், எதிராளிக்குத் தெம்பு வந்துவிடும். அந்தப் பக்கமாகத்தான் பந்தைக் கொண்டுவருவான். ஆகவே எங்கள் அணியில் யாரும் மூச்சு வாங்கக் கூடாது. "வாயை மூடு. மூக்கால விடு. இடுப்புல கை வெக்காதே. செத்துட்டாலும் நிமிந்து நின்னு சாவு." இப்படித்தான் சொன்னேன், இதே வார்த்தைகளில். கோல்கீப்பருக்கு மட்டும் மலாயில் சொன்னேன், அவன் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அவன் ஓடுகிறவனே இல்லை, இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு நிற்பான்.

நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். வாரம் ஒரு தட்டுச் சோறு எல்லோருக்கும் உறுதியானது. இரண்டு மாதம் போனதும் ஒரு காலையில் என் மனைவி அவன் காலை அழுத்தினாள். விரலை எடுத்ததும் குழி உடனே நிரம்பிவிட்டது. அவள் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துச் சிரித்தாள். "போதும்க்கா, வலிக்குது" என்று அவன் காலை இழுத்துக்கொண்டான். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தச் சமயத்தில்தான் சயாம் பேச்சு அதிகமாகிக்கொண்டிருந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி போனது. முதலில் ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள், பிறகு பிடித்துப்போனார்கள். ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் காட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள் என்று மாட்டுவண்டிக்காரன் சொன்னான். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. நாங்கள் கேட்டோம், உச்சுக் கொட்டினோம். நாங்கள் டவுன் ஆட்கள், அதுவும் ஜப்பான்காரனுக்கு வேண்டிய பந்தாட்டக்காரர்கள், எங்களுக்கென்ன என்று நினைத்தோம். நான் நினைத்தேன் என்று சொல்வதுதான் சரி. மற்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கடைசி ஆட்டம் போலீஸ்காரர்கள் அணியோடு. அவர்களுக்கு அரிசிப் பங்கு அதிகம், எல்லோருக்கும் தொடை தூண் மாதிரி இருக்கும். பண்டார் ஹிலிர் திடல் நிறைய கூட்டம். அந்த அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் இன்னும் இரண்டு பெரிய ஆட்கள், இடுப்பில் வாள். ஜெயிக்கிறவர்களுக்கு ஒரு மூட்டை அரிசி என்று முதல் நாளே பேச்சு அடிபட்டது.

ஆட்டத்தை விவரிக்க எனக்கு ஆசைதான், ஆனால் விவரிக்க அதிகம் இல்லை. போலீஸ்காரர்கள் பந்தைத் துரத்தினார்கள், நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். அவர்கள் துரத்தத் துரத்த மச்சினன் நடுவில் நின்று வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று பரிமாறிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் ஒருவன், "ஓடுங்கடா சோம்பேறிகளா!" என்று கத்தினான். இரண்டாம் பாதியில் போலீஸ்காரர்களுக்கு நுரை தள்ளியது. அப்போது இரண்டு கோல் போட்டோம். இரண்டும் நடந்துபோய்ப் போட்ட கோல்கள். என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல ஆட்டம் அது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

விசில் ஊதியதும் போலீஸ்காரர்கள் இருந்த இடத்திலேயே புல்லில் விழுந்தார்கள். வாயைப் பிளந்து மூச்சு வாங்கினார்கள். எங்கள் பதினொரு பேரும் நான் சொல்லிக்கொடுத்தபடி கோட்டின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். வாய் மூடி, நெஞ்சு நிமிர்ந்து. அதிகாரி எழுந்து வந்தான். வாள் கட்டிய இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள். ஒவ்வொருவன் முன்னாலும் நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் தையற்காரன் கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தான். மச்சினன் நெஞ்சில் கையை விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு படுத்துக் கிடந்த போலீஸ்காரர்களைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான், மூவரும் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. இதெல்லாம் நான் செய்தது என்று சொல்லிக்கொண்டேன்.

மொழிபெயர்ப்புக்கு ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், ஒரு தமிழ் கிராணி இருந்தார். அவர் என்னிடம் வந்து, "அதிகாரி துவானுக்கு ரொம்பத் திருப்தி. இவ்வளவு பலமான ஆட்கள இந்த ஊர்ல பாத்ததில்லையாம். பேரெல்லாம் வேணுமாம்" என்றார்.

"அரிசிக்கா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் இருக்கும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கும் தெரியாது.

பேர் மட்டும்தான் கேட்டார்கள். அது ஆட்டத்துக்கு முன்பே கொடுத்த தாளிலேயே இருந்தது, அதைக் காட்டியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து புதுத் தாள் வாங்கி, பதினொரு பேரையும் மறுபடி எழுதினேன். ஒவ்வொரு பேருக்கும் நேரே வீட்டு நம்பர், சந்து, எந்தப் பக்கத்து வாசல் என்று எழுதினேன். ஒருத்தரையும் கேட்காமல், மனப்பாடமாக. மீட்டர் படிக்கிறவன் அல்லவா? அரிசி தப்பான வீட்டுக்குப் போய்விடக் கூடாதே என்று கவலை. என் கையெழுத்து அழகாக இருக்கும், அன்றைக்கு இன்னும் அழகாக எழுதினேன். மச்சினன் பேருக்கு நேரே என் வீட்டு நம்பரைப் போட்டேன். கிராணி தாளைப் பார்த்து, "அடேயப்பா, நீங்கதான்யா ஆளு" என்றார்.

அரிசி மூட்டை வந்தது. அதையும் சொல்லவேண்டும். ஏமாற்றவில்லை. பதினொரு பாகமாகப் பிரித்துக்கொண்டார்கள், ஆளுக்கு ஒரு கைப்பிடி எனக்கும் எடுத்துக் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து, காலையில் பசியாறிக்கொண்டிருந்தோம். லாரி எங்கள் சந்துக்குள் வந்தது. யாரிடமும் வழி கேட்கவில்லை. நேராக எங்கள் வாசலில் வந்து நின்றது. ஏற்கெனவே உள்ளே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான்கு பேரும் எங்கள் ஆட்டக்காரர்கள். சிப்பாய் ஒருவன் கையில் தாள் இருந்தது. தூரத்திலிருந்தே என் எழுத்து எனக்குத் தெரிந்தது. கிராணி இறங்கி வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு மாசந்தான். சயாம்ல லேசான வேலை. சோறு போடுவாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

மச்சினன் சட்டையை மாட்டிக்கொண்டான். டயர் வெட்டி அடி தைத்த என் பூட்ஸ்தான் அவனிடம் இருந்தது, அதைப் போட்டுக்கொண்டான். என் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சிப்பாய் ஒன்றும் செய்யாமல் காத்துக்கொண்டு நின்றான், அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அத்தான், அங்கே போனாலும் செண்டர் ஹாஃப் நான்தான். நான் திரும்பி வந்தப்புறம் நீங்க கேட்டாலும் எடம் தரமாட்டேன்" என்றான் மச்சினன். பிறகு அக்காவிடம், "விடுக்கா. நாங்க பதினொரு பேரும் ஒண்ணாத்தானே போறோம்" என்றான்.

லாரி அடுத்த சந்துக்குள் திரும்பியது. அங்கேயும் யாரிடமும் கேட்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. தையற்காரன் பின்வாசல் வழியாக ஓடப் பார்த்தானாம், அங்கே ஏற்கெனவே ஒரு சிப்பாய் நின்றானாம். பின்வாசல் எந்தப் பக்கம் என்றும் நான் எழுதியிருந்தேன்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு அதிகாரியின் ஆபீசுக்குப் போனேன். கிராணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "அவன விட்டுட்டு என்னக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அவன் எடம் என் எடம்தான். நான்தான் விட்டுக் குடுத்தேன்" என்றேன். கிராணி அதை ஜப்பான் பாஷையில் சொன்னார். அதிகாரி எழுந்து வந்து குனிந்து, என் வலது முழங்காலைத் துணியோடு தொட்டுப் பார்த்தான். ஆட்டக்காரன் ஆட்டக்காரன் காலைத் தொடுகிற மாதிரி, மெதுவாகத்தான் தொட்டான். "ரோசாக்" என்றான். கெட்டுப்போய்விட்டது என்பதற்கு மலாய்ச் சொல். பழுதான மீட்டரைக் கழற்றும்போது நாங்களும் அதைத்தான் சொல்வோம். நான் வெளியே வந்தேன்.

ஜப்பான்காரன் தோற்றுப் போனபிறகு பதினொரு பேரில் மூன்று பேர் திரும்பினார்கள். கோல்கீப்பர், மாட்டுவண்டிக்காரன், கடைச் சிப்பந்தி ஒருவன். நான் செட்டிக் கம்பத்துக்குப் போய்க் கோல்கீப்பரைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாகப் பாயில் படுத்திருந்தான். அவன் மலாயில் சொன்னான், நான் தமிழில் எழுதுகிறேன்.

மண் சுமக்கிற வேலை. சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிற்க வைப்பார்களாம். விழுந்தவனை, மூச்சு வாங்குகிறவனை அடிப்பார்கள், ஆனால் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கிறவனை அன்று ராத்திரியே இன்னொரு முறை வேலைக்கு அனுப்புவார்கள். மச்சினன் நின்றானாம். தினமும் நின்றானாம். "விழுந்துடு, நாலு அடிதான், வாங்கிக்கலாம்னு நானே சொன்னேன்" என்றான் கோல்கீப்பர். "அத்தான் சொல்லிருக்காரு, வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிச் சிரிச்சான். வெளையாட்டுக்குத்தான் சொன்னான். அப்புறம் அதுவே அவனுக்குப் பழகிப்போச்சு." மழைக்காலத்தில் ஒரு காலை அவன் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சொல்லாமல் விடலாமா என்று வழியெல்லாம் நினைத்தேன், ஆனால் சொல்லிவிட்டேன். "நான்தானே எடம் கேட்டேன்" என்றாள் அவள். "தாளை எழுதினது நான்" என்றேன். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை.

அடுத்த வருஷம் ஊரில் மறுபடி பந்தாட்டம் ஆரம்பித்தது. என்னை வந்து கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேலை அது. கால் ஓடாது, வேறு என்ன செய்வேன்? இருபது வருஷத்துக்கு மேல் கோச்சாக இருந்தேன். தட்டி ஆடுகிற ஆட்டத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன், அதில் தப்பு இல்லை. ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றினேன். விசில் ஊதியதும் பதினொரு பேரும் புல்லில் விழவேண்டும். களைப்பாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். வாயைத் திறந்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி மூச்சு வாங்கவேண்டும். விழாதவனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் கிடையாது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஏனென்று கேட்டார்கள். "சொன்னதச் செய்" என்றேன். உஜோங் பாசிர் அணிக்காரர்கள் எங்களுக்குப் "படுக்கை அணி" என்று பேர் வைத்தார்கள். ஜெயித்துவிட்டு ஏன்யா படுக்கிறீங்க என்று கூட்டத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

என் மனைவி ஆட்டம் பார்க்க வந்ததே இல்லை. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு முறை, கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பண்டார் ஹிலிர் திடல் ஓரத்தில் வந்து நின்றாள். கடைசிப் பத்து நிமிஷம் நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பந்தாட்டம் தெரியாது, நடுவில் நின்ற பையனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் ஊதியது. நாங்கள் ஜெயித்திருந்தோம். பதினொரு பேரும் தொப்பென்று புல்லில் விழுந்து வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கினார்கள். அவள் ஒவ்வொருவனாகப் பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"இதை அப்பவே சொல்லிக் குடுத்திருக்கலாமே" என்றாள்.

பிறகு குடையை விரித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நான் ஆட்டக்காரர்களை எழுந்திருக்கச் சொல்ல மறந்துபோனேன். அவர்கள் நான் சொல்கிறவரைக்கும் படுத்துக் கிடந்தார்கள்.